எலிகளுக்கு மறதி மருந்து வைத்தேன்

பிள்ளைகளா, உங்கள் அப்பனுக்கு விஞ்ஞானம் தெரியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் எலியின் மூளைக்குள்ளேயே ஆராய்ச்சி செய்தவன். (முடிவு என்ன ஆயிற்று என்று மட்டும் அம்மாவிடம் கேட்காதீர்கள்.)

ஐம்பதுகளின் நடுவில் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் எனக்கு வேலை. மூட்டைகளுக்கு நான்தான் பொறுப்பு. எலிகளோ தினமும் சுவர் ஓட்டை வழியாக வந்து காயைத் தின்றுவிட்டு, வந்த வழியே போய்விடும். விஷ உருண்டை வைத்தேன். வயிறு கலங்கித் தப்பித்த எலி மறுநாள் அதை மோந்துகூடப் பார்க்காது. அவ்வளவு ஞாபகசக்தி!

பக்கத்துத் தெருக் கம்பவுண்டரிடம் புலம்பினேன். அவர் சொன்னார்: "தம்பி, மூளையில ஒரு சத்து சுரக்குமாம். வழி பழகுறது, ஞாபகம் வச்சுக்கிறது எல்லாம் அதோட சோலி. ஊமத்தை விதை உள்ள போனா அது கட்டிப்போட்ட மாதிரி ஆயிரும்."

எனக்குப் பொறி தட்டியது. எலியை எதற்குக் கொல்ல வேண்டும்? வழியை மறக்கடித்தால் போதாதா? கருவாட்டுத் தூளில் ஊமத்தை விதையை அரைத்துப் பிசைந்து மூட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் சிலமலையிலிருந்து உங்கள் தாத்தா வந்தார். அப்போது அவர் தாத்தா இல்லை. எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சம்சாரி. என் முதலாளியிடம் விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"இந்தப் பய இருக்கிற எடத்துல எலி எட்டிப் பாக்காதுண்ணே" என்றார் முதலாளி. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

வந்தவர் கையில் ஒரு பிடி காய் கொடுப்பது எங்கள் கிட்டங்கி மரியாதை. மூட்டையை நகர்த்தினேன். பின்னாலிருந்து ஓர் எலி வந்தது. ஓடவில்லை. சுவர் ஓட்டையைத் தாண்டி நடந்தது, திரும்பியது, மறுபடியும் தாண்டி நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு. கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தன. மருந்து வேலை செய்துவிட்டது. ஆனால் அவை உள்ளே வந்த பிறகல்லவா தின்றிருக்கின்றன! மறந்தது வெளியே போகும் வழியை.

ஓர் எலி தாத்தாவின் கால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"என்னப்பு இது?"

எனக்குப் பொய் வரவில்லை. "மறதி மருந்து வச்சேன் மாமா. போற வழிய மறந்துருச்சுக."

முதலாளி தலையில் கை வைத்தார். தாத்தா எலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கூறு கம்மிதான்" என்றார். "ஆனா பொய் சொல்லத் தெரியல. என் மக சமாளிச்சுக்குவா."

இன்றைக்கும் சிலமலையில் நான் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால், உங்கள் தாய்மாமன் கேட்பது இதைத்தான்: "என்ன மாப்ளே, போற வழி மறந்துருச்சா?"

அன்று எல்லாரும் போன பிறகு, எலிகளை முறத்தில் அள்ளிக் கொல்லைப்புறம் கொண்டுபோய் விட்டேன். அங்கேயும் சுற்றிச் சுற்றித்தான் வந்தன. அவற்றுக்கு ஞாபகம் வரும்வரை, காக்காய் கொத்திவிடாமல் விரட்டிக்கொண்டு வெயிலில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.