ஒரே பின்னேரத்தில் இரண்டு கிண்ணங்களைத் தோற்றவன்

ஒரே பின்னேரத்தில், இரண்டு மைதானங்களில், இரண்டு கிண்ணங்களைத் தோற்ற மனிதன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். அவன் எங்கள் உருத்திரபுரத்தான். 'டபிள் ஜேர்சி' என்றால் கிளிநொச்சிச் சந்தையில் எவருக்கும் தெரியும். சொந்தப் பெயர் அவனுடைய அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் ஊர்க் கழகத்துக்கு எல்லே ஆடுவான். ரவுணில், அதாவது கிளிநொச்சி நகரத்தில், அவன் வேலை செய்த அரிசி ஆலைக்குப் பக்கத்துக் கழகத்துக்கு உதைபந்து ஆடுவான். எல்லே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூங்கில் தடியால் பந்தை விளாசிவிட்டு, நட்டிருக்கும் கம்புகளைச் சுற்றி ஓடி வரவேண்டும். ஓடுகிறவன் முதுகில் எதிரணி பந்தால் எறிந்துவிட்டால் அவுட். இந்தக் கடைசி விதியை மறக்காதீர்கள். அவன் மறக்கவேயில்லை, அதுதான் வினை.

உடை மாற்ற நேரம் போகிறது என்று, எங்கள் பச்சை ஜேர்சிக்கு மேலே ரவுண்காரரின் சிவப்பு ஜேர்சியையும் போட்டுக்கொண்டு வன்னி வெயிலில் திரிவான். ஒருநாள் மேலே இருந்ததைக் கழற்ற மறந்து எங்கள் மைதானத்தில் நின்றான். பார்வையாளன் என்று நினைத்து நடுவர் வெளியே துரத்திவிட்டார். கழகச் செயலாளரான நான் போய் எங்கள் ஆள்தான் என்று சொல்லியிருக்கலாம். பெரிதாக அவசரப்படவில்லை.

ஏனென்றால், ஆள் எல்லேயில் எப்படி என்று எங்கள் பெடியளைக் கேட்டால், "நல்ல உதைபந்துக்காரன்" என்பார்கள். உதைபந்தில் எப்படி என்று ரவுணில் கேட்டால், "எல்லே நல்லா விளையாடுவானாம்" என்பார்கள். அவனோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒரு விளையாட்டுக்காரன் ஊருக்கு ஊர் இருக்கிறான் அண்ணை. ரெண்டும் விளையாடுற ஆள் ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்" என்பான்.

உருண்டு வந்த எல்லேப் பந்தைக் குனிந்து பொறுக்காமல், காலால் நிறுத்தி, அழகாகப் பக்கத்துக்காரனுக்கு உதைத்துக் கொடுத்தவன் அவன். அதற்குள் எதிரணிக்காரன் நடந்தே வந்து ஓட்டம் எடுத்துவிட்டான். அன்றைக்கே கப்டன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டான்.

போன வருடம் இரண்டு கழகமும் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. இரண்டும் ஒரே நாள். எங்களுக்குக் காலை, அவர்களுக்குப் பின்னேரம். இரண்டு கழகமும் தனித்தனியே கூடி ஒரே தீர்மானத்தைப் போட்டன: கடைசிப் பந்துவரை நிற்காவிட்டால் அவனுக்குக் கழகத்தில் இடமில்லை.

"ஒண்டை விடன்ரா" என்றேன்.

"பிறந்தது இஞ்ச, சோறு தாறது அங்க. ஆரை அண்ணை விடுறது?" என்றான். முதல்முறையாக அவன் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

காலை ஆட்டம் காலையில் நடந்திருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனால் பிரதம விருந்தினர் வராமல் எங்கள் பக்கம் பந்து அசையாது. அவர் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்தார். மாலை மரியாதை, மங்கள விளக்கு, உரை, அந்த உரைக்கு நன்றியுரை. தடியைக் கையில் எடுக்கும்போது ரவுணில் மற்ற ஆட்டத்துக்கு விசில் ஊதியாயிற்று.

டபிள் ஜேர்சி முதலில் அடித்தான். பந்து வாய்க்காலுக்கு அப்பால் போனது. கம்புகளை எல்லாம் சுற்றி ஓடிவந்தவன், அதோடு நிற்கவில்லை. அதே ஓட்டத்தில் மைதானத்தைக் கடந்து, மோட்டார் சைக்கிளில் ஏறி மறைந்துவிட்டான்.

"டேய், எங்கயடா போறாய்?" என்ற கப்டனின் குரல் புழுதியில் கரைந்தது.

பிறகு நாங்கள் பந்து பிடிக்க இறங்கியபோது ஓர் ஆள் குறைவு. எதிரணி அடித்த கடைசிப் பந்து அவன் நிற்கவேண்டிய இடத்தில் பொத்தென்று விழுந்தது. தோற்றோம்.

ரவுணில் நடந்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆட்டம் சமநிலையில் முடியப்போகும் நேரம் இவனை இறக்கியிருக்கிறார்கள். தங்கள் கோலுக்கு முன்னால் பந்து உயரமாக வந்திருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து, ஓடிவந்த எதிரணிக்காரன் முதுகில் ஓங்கி எறிந்து, "அவுட்!" என்று கையைத் தூக்கியிருக்கிறான்.

"என்ன செய்தனீர்?" என்றாராம் நடுவர்.

"பட்டது சேர். ஆளையே கேளுங்கோ."

"ஓம், நல்லாப் பட்டதுதான்" என்று முதுகைத் தடவிக்கொண்டே சொன்னானாம் அந்த நல்லவன். சிவப்பு அட்டை, தண்ட உதை, தோல்வி.

அடுத்த நாளே இரண்டு கழகமும் அவனை நீக்கின. நானே கையெழுத்துப் போட்டேன். பிறகு பயிற்சிக்குப் போனால், அணி சேர்க்க ஆள் காணாது. ஒருத்தன் கனடா, ஒருத்தன் கட்டார், இன்னும் சிலபேர் கொழும்பு. நின்றவர்களுக்கும் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் ஒரே சலிப்பு.

நானும் எங்கள் கப்டனும் அரிசி ஆலைக்குப் போனோம். வாசலில் ரவுண் கப்டன் நின்றான். கக்கத்தில் சிவப்பு ஜேர்சி.

"தவிடு வாங்க வந்தனான்" என்றான்.

"நாங்களும்" என்றான் எங்கள் கப்டன், பச்சை ஜேர்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

உள்ளேயிருந்து வந்த டபிள் ஜேர்சி இரண்டு கப்டன்மாரையும் பார்த்தான். இரண்டு ஜேர்சியையும் வாங்கி, தவிடு படிந்த உடம்பில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. தூசி என்றான்.

வெட்கத்துக்கு ஆளுக்கொரு மூட்டை தவிடு வாங்கிக்கொண்டு திரும்பினோம். எங்கள் யாரிடமும் மாடு இல்லை. என் மூட்டை இன்னும் விறாந்தையில்தான் கிடக்கிறது. மனைவி எறியச் சொல்கிறாள், எனக்குத்தான் மனம் வரவில்லை.