எங்கள் கழகத்தின் நாணயம்

மனித குலத்தின் மிக உயர்ந்த கண்டுபிடிப்பு சக்கரமா, எழுத்தா, மின்சாரமா என்று அறிஞர்கள் வெகுகாலமாக அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் எங்கள் கழகத்தின் கூட்டம் ஒன்றுக்கு வந்திருந்தால் அந்தச் சண்டைக்கே வேலை இருந்திருக்காது. மிக உயர்ந்த கண்டுபிடிப்பு 'வருவாய்ப் பகிர்வு'. அதாவது, அடுத்தவர் வருவாயை நாம் பகிர்ந்துகொள்வது. நம்முடையதை அடுத்தவர் பகிர்ந்துகொண்டால் அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது. அது நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதக் கூடியது அல்ல.

எங்களுடையது இணையவழிக் கற்பனைப் பேஸ்பால் கழகம். எட்டு அணிகள், எட்டு உரிமையாளர்கள். வீரர்கள், மைதானம், ரசிகர்கள், ரசிகர்கள் வாங்கும் டிக்கெட் எல்லாம் கம்ப்யூட்டருக்குள். நாங்கள் வீரர்களை வாங்குவோம், விற்போம், சம்பளம் கொடுப்போம், டிக்கெட்டுக்கு விலை வைப்போம். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிப் பார்த்து முடிவைச் சொல்லும். பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றும், அதில் பந்தை அடித்தவன் நேராக ஓடாமல் மைதானத்தைச் சுற்றி வருவான் என்றும் கேள்வி. எங்களில் ஒருவரும் அதை நேரில் பார்த்ததில்லை. விளையாட்டை நிர்வகிக்க வந்தவருக்கு விளையாட்டுத் தெரிந்திருப்பது வீண் இடைஞ்சல் என்பது உலகமே ஒப்புக்கொண்ட விஷயம்.

கழகத்தில் புழங்கும் கற்பனைப் பணத்துக்கு 'நாணயம்' என்று பெயர். வைத்தவர் எங்கள் தலைவர், தொழிலால் பல் டாக்டர். "உங்ககிட்ட எவ்வளவு நாணயம் இருக்கு?" என்று ஒருவரை ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுக்கொள்ளும் ஒரே சங்கம் எங்களுடையதாகத்தான் இருக்கும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "இப்போதைக்குக் கொஞ்சம் குறைவு" என்று சிரித்தபடியே பதில் சொல்வார்கள்.

அடியேன் அந்தக் கழகத்தின் செயலாளர் (பொறுப்பு). அந்த அடைப்புக்குறியைக் கவனிக்க வேண்டும். அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அதன் வலி தெரியும். நாற்காலி உண்டு, வேலை உண்டு, திட்டு உண்டு. ஆனால் பதவி நிரந்தரமில்லை. சீசன் சீசனாக நான் அந்த அடைப்புக்குறிக்குள்ளேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். என் அணிக்கு 'நடுநிலையாளர்கள்' என்று பெயர். பட்டியலில் எப்போதும் நடுவில்தான் இருக்கும்.

என் மனைவிக்கு இந்தச் சேவையின் பெருமை புரியவில்லை. "வீட்டுக்கு வாங்கற பாலுக்கே உங்களுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியல. இதுல பேஸ்பாலுக்குக் கணக்கு எழுதப் போறீங்களா?" என்றாள். பெரிய மனிதர்களின் வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது வழக்கம்தான்.

கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரின் மருத்துவமனையில் நடக்கும். ஈறு நோய்ப் படங்கள் மாட்டிய அறை. நடுவே நோயாளி நாற்காலி. கருத்துச் சொல்ல விரும்புகிறவர் அதில் ஏறிச் சாய்ந்துகொள்ள வேண்டும் என்பது மரபு. டாக்டர் பக்கத்தில் சக்கர ஸ்டூலில் உட்கார்ந்து, பெடலை மிதித்து, பேசுகிறவரின் தலை தாழ்ந்து கால் உயரும்படி செய்வார். விளக்கையும் முகத்துக்கு நேரே திருப்புவார். அந்த நிலையில் யாரும் அவரை எதிர்த்து நீண்ட நேரம் பேசியதில்லை. கருத்தொற்றுமை என்றால் எங்கள் கழகத்தில்தான் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட அமைப்பில் ஒரே ஒரு குறை, என் அக்கா.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்கிறவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான். பக்கத்தில் இருக்கும் இவள் கால் எப்போதும் தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே இருக்கும். அவள் அணிக்கு 'எல் போர்டு' என்று பெயர். அணியையும் அவள் அப்படித்தான் நடத்தினாள். சின்ன மைதானம், மலிவு டிக்கெட், யாரும் சீண்டாத வீரர்கள். அவர்களில் ஒரு பந்து வீச்சாளன். அவனைக் கழகத்தில் சேர்க்கும்போது கம்ப்யூட்டர் பெயருக்குப் பதில் ஓர் எண்ணைத்தான் கொடுத்திருந்தது. அவன் வீசும் பந்து மட்டைக்காரனைத் தவிர எல்லோர் மேலும் படும். நாங்கள் எல்லோரும் வேண்டாம் என்று தள்ளியவனை அக்கா எடுத்து, 'தம்பி' என்று பெயர் வைத்து, சீசன் சீசனாகப் பயிற்சி கொடுத்தாள். "சொந்தத் தம்பிதான் உருப்படல, இவனாவது உருப்படட்டும்" என்று என் காது படவே சொல்வாள்.

உருப்பட்டுவிட்டான். இந்த சீசனில் அவன் பந்தை யாராலும் தொட முடியவில்லை. எல் போர்டு முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே டாக்டரின் 'வெண்பற்கள்'. அக்கா தன் மாணவர்களிடம்கூட அந்த வாரம் எரிந்து விழவில்லையாம். ஒருத்தன் சுவரில் இடித்தபோதும் "பரவால்லப்பா, சுவர்தானே" என்றாளாம். அவளுக்கு அந்த ஒரு கோப்பை வேண்டும், அதையும் தம்பியை வைத்தே ஜெயிக்க வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

வெண்பற்களின் நிலையோ பரிதாபம். டாக்டர் பெயர் பெற்ற கிழட்டு வீரர்களையெல்லாம் ஆயுட்கால ஒப்பந்தத்தில் வாங்கிக் குவித்து, மைதானத்துக்குப் பளிங்குக் கூரையும் போட்டு, கழுத்து வரை கடனில் இருந்தார். ஒரு நாட்டின் தலைவராக இருக்க வேண்டியவர், பாவம், பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்.

இறுதி ஆட்டத்துக்கு முன்பு அவசரக் கூட்டம் கூடியது. அதற்கு முன் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"இந்தத் தீர்மானம் மட்டும் நல்லபடியா நிறைவேறட்டும். உங்க பேருக்குப் பின்னாடி இருக்கற அடைப்புக்குறிய நானே புடுங்கிடறேன். வலிக்கவே வலிக்காது."

கூட்டம் தொடங்கியது. 'வருவாய்ப் பகிர்வு மற்றும் நிதிப் பொறுப்புச் சட்டம்' முன்வைக்கப்பட்டது. அதன்படி, வருவாய் உள்ள அணி வருவாய் இல்லாத அணியோடு பகிர வேண்டும். எந்த அணியும் தன் வருவாய்க்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. இதைக் கேட்டு எங்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உரிமையாளர்களில் ஒருவரான ஆடிட்டர் எழுந்து விளக்கம் தந்தார்.

"வருவாய்னா என்ன? செலவெல்லாம் போக மிஞ்சறது. டாக்டர் சாருக்கு மிஞ்சினது ஒண்ணுமில்ல. அதனால அவர் ஏழை. மேடத்துக்கு நிறைய மிஞ்சியிருக்கு. அதனால அவங்க பணக்காரங்க."

அக்கா எழுந்துபோய் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் பெடலை மிதித்தார். நாற்காலி சாய்ந்தது. அக்கா கைப்பிடிக்குக் கீழே எதையோ தடவி இழுத்தாள். நாற்காலி டக்கென்று நிமிர்ந்தது. சீட்டை நிமிர்த்துவது அவளுக்குத் தினசரி வேலை.

"டாக்டர், உங்க வருமானத்த நீங்க தின்னு தீர்த்துட்டீங்க. இப்போ என் வருமானத்த ரெண்டு பேரும் பகிர்ந்துக்கலாம்ங்கறீங்க. அப்படித்தானே?"

"பகிர்றதுன்னா அதானே மேடம்."

"அப்போ உங்க கடன்?"

"அதையும் பகிர்ந்துக்கலாம். நாங்க என்ன சுயநலக்காரங்களா?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆஹா! ஏன் பாதியோட நிறுத்தறீங்க? மொத்தக் கடனையும் நானே கட்டறேன், போதுமா? நல்லா எழுதிக்கடா!"

எழுதிக்கொண்டேன். கடமை தவறாத செயலாளன் வேறு என்ன செய்வான்? எழுதியதை உடனே உரக்கப் படித்தும் காட்டினேன்: "எல் போர்டு அணியின் உரிமையாளர் தாமாகவே முன்வந்து, வெண்பற்களின் கடன் முழுவதையும் தாமே ஏற்பதாக அறிவித்தார். பாதியோடு நிறுத்தக் கூடாது என்றும் வலியுறுத்தினார். இதை நன்றாக எழுதிக்கொள்ளும்படி செயலாளரைப் பணித்தார். நீண்ட கைதட்டல்."

கைதட்டல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் நீண்டதாகவே வந்தது.

"டேய்! நான் நக்கலாச் சொன்னேன்டா!"

"மினிட்ஸ்ல நக்கலுக்குன்னு தனியா இடம் இல்லக்கா" என்றேன் பணிவாக.

சட்டமும் நிறைவேறியது. அன்றே எல் போர்டின் நாணயம் முழுவதும் வெண்பற்களின் கடனுக்குப் போனது. மிச்சம் ஒன்றுமில்லை என்பதால் அக்காவின் வருவாய் பூஜ்யம். வருவாய் இல்லாதவர் சம்பளம் கொடுப்பது நிதிப் பொறுப்பின்மை. ஆகவே தம்பியை விற்றாக வேண்டும் என்று ஆடிட்டர் மிகுந்த வருத்தத்துடன் சுட்டிக்காட்டினார். கடன் தீர்ந்ததால் டாக்டருக்குப் புதுக்கடன் கிடைத்தது. அதில் தம்பியை அவரே வாங்கி ஆதரவு கொடுத்தார். அனாதைகளைக் கண்டால் அவர் மனம் தாங்காது.

அக்கா என் செல்போனிலேயே விற்பனைக்குச் சம்மதம் அழுத்தினாள். திரையில் எல் போர்டு பட்டியலிலிருந்து 'தம்பி' என்ற பெயர் மறைந்து, வெண்பற்கள் பட்டியலில் வெறும் எண்ணாக வந்து உட்கார்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் என் கணக்கு வீட்டுப்பாடங்களை எனக்காகப் போட்டுக்கொடுத்தவள் அவள். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் மனசு என்னவோ போலத்தான் இருந்தது. நல்லவேளை, அதே நேரம் டாக்டர் என் புதிய பெயர்ப் பலகையை எடுத்துக்கொண்டு வந்தார். 'செயலாளர்' என்று மட்டும் இருந்தது.

வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினேன். "பொறுப்பை எடுத்துட்டாங்க!"

"இருந்ததே அது ஒண்ணுதான், அதுவும் போச்சா?" என்றாள்.

அடுத்த நாள் இன்னொரு செய்தி வந்தது. அக்கா கோபத்தில் தன் அணியில் சம்பளம் வாங்கும் எல்லோரையும் விடுவித்துவிட்டாள். ஆள் குறையும் அணிக்குக் கம்ப்யூட்டர் இலவசமாகப் பயிற்சி வீரர்களைத் தரும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, திறமையும் கிடையாது. மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே அவர்களில் சிலருக்குச் சந்தேகமாம். அந்தப் படையோடு எல் போர்டு இறுதி ஆட்டத்துக்கு வருகிறது என்று கேட்டு டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் குலுக்கினேன். செயலாளர் நிரந்தரமான பிறகு சிரிப்பிலும் ஒரு நிரந்தரம் வந்துவிடுகிறது.

இறுதி ஆட்டத்தன்று எல்லோரும் மருத்துவமனைத் திரையின் முன் கூடினோம். ஆட்டம் தொடங்கவில்லை. கம்ப்யூட்டர் புதுச் சட்டப்படி இரு அணிகளையும் சரிபார்த்துக்கொண்டிருந்தது. சட்டத்தை அதற்குள் ஏற்றியது நான்தான், ஆடிட்டரின் விளக்கத்தோடு, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல். பிறகு திரையில் எழுத்து வந்தது: வெண்பற்கள், வருவாய் பூஜ்யம், சம்பளம் வருவாயைவிட அதிகம், தகுதி இழப்பு. எல் போர்டு, வருவாய் பூஜ்யம், சம்பளம் பூஜ்யம், தகுதி உண்டு. வெற்றி எல் போர்டுக்கு. பரிசு நாணயமும் எல் போர்டுக்கு.

டாக்டர் ஸ்டூலோடு உருண்டு திரைக்கு முன் வந்தார். "என்னய்யா இது? சட்டம் நமக்கு இல்லய்யா. அது பொதுவாப் போட்டது!"

"ரோட்டுல விதின்னு போட்டா எல்லாருக்கும்தான் டாக்டர்" என்றாள் அக்கா. "நான் நீங்க போட்ட சட்டத்த ரெண்டு தடவ படிச்சேன். அத நீங்களும் ஒரு தடவ படிச்சிருக்கலாம்."

பெரிய தலைவர்கள் தோல்வியில் துவள்வதில்லை. டாக்டர் அங்கேயே 'வெற்றிப் பகிர்வு' என்ற புதிய கோட்பாட்டை முன்வைத்தார். கோப்பை தனி ஒருவரிடம் தேங்கக் கூடாது, எட்டு அணிகளும் பகிர்ந்துகொள்வதே நாகரிகம் என்றார். ஆடிட்டர், கோப்பை என்றால் போட்டி போக மிஞ்சுவது என்று ஆரம்பித்தார். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

அக்கா சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

"தாராளமா எடுத்துக்கங்க. ஆளுக்கு ஒரு மாசம் வெச்சு அழகு பாருங்க. இது நக்கல் இல்ல, நெசமாத்தான் சொல்றேன். எனக்குக் கோப்பை வேணாம். பரிசு நாணயத்துல என் தம்பிய திரும்ப வாங்கிக்கறேன்."

டாக்டருக்கு உயிர் வந்தது. தம்பிக்குச் சம்பளம் கொடுக்க அவருக்கும்தான் இப்போது வழியில்லை. அந்த உற்சாகத்தில் அவருக்கு வேடிக்கையும் வந்தது. "எந்தத் தம்பி மேடம்? பந்து போடறவரா, மினிட்ஸ் எழுதறவரா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் சிரிப்பு கொஞ்சம் சத்தமாகவே இருந்தது.

"பந்து போடறவன்தான் டாக்டர். அவன நான் வித்தேன், அதனால நானே வாங்கிக்கறேன். இவன யாரும் விக்கல. இவனா விலை போனான். இவன் உங்ககிட்டயே இருக்கட்டும்."

தலைவர் அதைத் தீர்மானமாகவே எடுத்துக்கொண்டு வாக்கெடுப்புக்கு விட்டார். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒரு கையும் எழவில்லை. ஆதரிப்பவர்கள் என்றார். கைகளை எண்ணுவது செயலாளரின் வேலை என்பதால் எண்ணினேன். என் கையையும் சேர்த்துச் சரியாக எட்டு இருந்தது, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.