அனைவருக்கும் அனுப்பு

வாயால் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புகிறவன் அவதிப்படுவான். அவன் எழுதத் தெரிந்தவனாகவும் இருந்துவிட்டால் ஊரே வேடிக்கை பார்க்கும். நான் நாளிதழில் பல வருடம் செய்தி திருத்தியவன். எதற்கும் நாலு வார்த்தையில் தலைப்பு வைப்பேன். மனைவியிடம் ‘வந்துவிடு’ என்று சொல்லத்தான் வராது.

பானு வங்கி வேலையில் மாற்றலாகித் திருநெல்வேலிக்குப் போயிருந்தாள். நான் பத்திரிகையை விட்டுவிட்டுப் சென்னை பம்மல் வீட்டிலிருந்தே வட்டாரச் செய்தித் தளம் ஒன்றை நடத்தினேன். தளத்தைத் திறக்காமலே வாசகரின் போனில் செய்தி மணியடித்து விழும் வசதியை அதில் சேர்த்தேன். ‘அறிவிப்புகளை அனுமதிக்கவா?’ என்ற கேள்விக்குச் சரி சொன்ன முதல் ஆள் பானு. வெகுநாள் ஒரே ஆளும் அவள்தான்.

அதனால் ‘அனைவருக்கும் அனுப்பு’ என்றால் அவளுக்கு மட்டும் என்று அர்த்தம். ‘பம்மலில் மீன் குழம்பு தோல்வி: புளி மீது சந்தேகம்’ என்று அனுப்புவேன். (ஒரே வாசகிக்காக இயங்கிய செய்தி நிறுவனம்!) இரவு போனில் அதையே மறுபடி சொல்வேன். சிரிப்பாள்.

பிறகு மின்தடை அறிவிப்புகளும் போட ஆரம்பித்தேன்.

ஒரு காலை பானு கூப்பிட்டாள். “இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கியான்னு மேனேஜர் கேக்குறார். இன்னிக்கே சொல்லணும். என்ன சொல்லட்டுங்க?”

“உன் இஷ்டம்மா.” (பெருந்தன்மையாம்.)

“சரிங்க.”

மதியத்துக்கு மேல் தாங்கவில்லை. பழகிய வழியிலேயே எழுதினேன்: ‘பானு, வந்துவிடு. உன் தலையணையில்தான் இப்போது தூங்குகிறேன்.’ காற்புள்ளியைச் சரிபார்த்தேன். எத்தனை பேருக்குப் போகிறது என்று பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

கீழ்வீட்டில் ஒரு போன் மணியடித்தது. எதிர்க்கடையில் இன்னொன்று. அச்சு இயந்திரமாக இருந்தால் ஓடிப்போய் நிறுத்தியிருப்பேன்.

வெளியே இறங்கினால், தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் குமார் என்னைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினான். “இன்னா பாய், கரண்ட் எப்போ போவும்னு தெரிஞ்சிக்கத்தானே ஓகே குடுத்தேன்? தலகாணி மேட்டர்லாம் வந்துகினு கீது!”

பின்சீட்டிலிருந்த பெண் அவனை அதட்டினாள். “சும்மா இருப்பா, பாவம். ஏங்க, வரேன்னு சொன்னாங்களா?”

அதுதான் எனக்கும் தெரியவில்லை. மாலையில் நானே கூப்பிட்டேன்.

“பாத்தியா?”

“எதை?”

வங்கிக் கூட்டத்தின் நடுவே என் சமையல் செய்தி மணியடித்ததால், போன மாதமே அறிவிப்புகளைத் தடுத்து வைத்திருக்கிறாள். என் மனம் நோகும் என்று அதை என்னிடம் சொல்லவில்லை. நான் அந்த இரண்டு வரியையும் வாசித்துக் காட்டினேன்.

“இருக்கேன்னு மத்தியானமே சொல்லிட்டேங்க,” என்றாள். “காலையில இதைச் சொல்லியிருந்தா...”

இப்போதும் அவள் லீவில் வந்தால் என் தங்கை அண்ணியைச் சீண்ட ஆரம்பிப்பாள்: “மச்சி, பொழிச்சலூர் வரைக்கும் தெரிஞ்ச விஷயம், உங்களுக்கு மட்டும் தெரியல!” பானுதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். சிரித்து ஓய்வதற்குள், தாம்பரத்தில் அவளுடைய ரயிலுக்கு நேரமாகிவிடும்.