பெயரின் வேரைத் தோண்டுகிறவர்கள்

ஒரு செடியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால், அந்தச் செடியையே தெரிந்துகொண்டதாகுமா? ஆகும் என்று நம்புகிற ஓர் இனம் உண்டு. அமெரிக்காவின் வடகோடியில், எங்கள் வெர்மாண்டில், மே மாதம் புல்வெளியெல்லாம் டேன்டலயன் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும்போது, அது வேலியோரம் வந்து நிற்கும். யாராவது களை பிடுங்கக் குனிந்தால் போதும்.

"பேருக்கு அர்த்தம் தெரியுமா? சிங்கத்தோட பல்லு. பிரெஞ்சுலேர்ந்து வந்தது. இலை ஓரத்தப் பாருங்க, தெரியும்."

குனிந்தவர் நிமிர்வதற்குள் பொழுது போய்விடும். செடி அங்கேயே இருக்கும். பெயரின் வேரைத் தோண்டுகிற நாங்கள் செடியின் வேரைத் தோண்டியதில்லை.

ஆம், நாங்கள். நான் வெறும் கத்துக்குட்டி. பக்கத்து வீட்டு கார்ல்டன்தான் தலைவர். தபால்காரி அவருடைய கடிதங்களை என் பெட்டியில் போட்டுவிட்டு நழுவுகிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் மகள் ஹெஸ்டரின் கல்யாண விருந்து அந்த மஞ்சள் புல்வெளியிலேயே என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் கனடா எல்லை தாண்டி, பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலிருந்து முதல்முறையாக வருகிறார்கள்.

"அப்பா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் யார்கிட்டயும் பேர்க்காரணம் சொல்லாதீங்க. போன தடவை என்னைக் கட்டிக்க இருந்தவன் ஓடியே போயிட்டான்."

"அவன் ஓடினதுக்கு நானாம்மா காரணம்?"

"லைலாக் பூவோட பேரப் பத்தி அவன்கிட்ட சாயங்காலம் பூரா பேசினீங்க."

கார்ல்டன் வாக்குக் கொடுத்தார்.

விருந்தில் சம்பந்தி ரெஜான், ஒரு கையில் ஆப்பிள் சைடர் கோப்பையோடு, குனிந்து ஒரு டேன்டலயனை இலையோடு பிடுங்கினார். கார்ல்டனின் மூக்கருகே நீட்டினார்.

"இந்தப் பேரு எங்க மொழியிலேர்ந்து வந்தது, தெரியுமா சம்பந்தி? சிங்கத்தோட பல்லு."

அதே இனம். ஹெஸ்டர் வெளிறிப்போனாள். ஊரே தப்பி ஓடும் அந்த வாசகம், அவர் புல்வெளியிலேயே அவருக்கே சொல்லப்படுகிறது.

"ஆனா வீட்ல நாங்க அப்படிச் சொல்றதில்ல," என்று ரெஜான் தொடர்ந்தார். "படுக்கைய நனைக்கிறதுன்னுதான் சொல்வோம். கஷாயம் வச்சுக் குடிச்சுப் பாருங்க, விடிஞ்சா புரியும்."

அதுவும் கார்ல்டனுக்குத் தெரியும். அதை ஒரு குளிர்காலம் முழுக்க எனக்குச் சொன்னவர் அவர். இந்த உண்மையை ரெஜானிடம் சொல்ல நான் வாயெடுத்தேன்; ஹெஸ்டர் என் காலை மிதித்தாள்.

இதைப் படிக்கிற நீங்கள்? சிங்கத்தின் பல் என்றதுமே, "இது எனக்கு அப்பவே தெரியும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பினீர்களா? அப்படியானால் காலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கார்ல்டன் அந்த இலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியா? எனக்குத் தெரியாதே," என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று நானும் பல முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் தலைவர் காரணம் சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.