எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டைவிரல்

‘நேரில் கேட்கக் கூச்சமாக இருந்ததை எல்லாம் இதில் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்’ என்று தொடங்கும் அந்தச் செய்தி, நாள் நேரத்தோடு இன்னும் என் போனில் இருக்கிறது. ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை, மதியம். அனுப்பியவர் மஞ்சுளா. காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆசிரியை. அதற்கு முந்தைய ஞாயிறுதான் சேலையூருக்குப் போய் அவரைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கீழே என் பதிலும் இருக்கிறது: உயர்த்திய கட்டைவிரல் ஒன்று.

தந்தி நின்றுபோனதை எங்கள் வீட்டு ஆண்கள் இன்னும் நம்பவில்லை. எழுத்துக்கு எழுத்து காசு என்பதுபோலத்தான் செய்தி அனுப்புவோம். அப்பா ‘சரி’ என்று எழுதினால் அது நீண்ட கடிதம். தவிர, அப்போது நான் சிறுசேரி ஆபீஸ் கேன்டீனில் தட்டோடு நின்றிருந்தேன். ஓய்வாக இருந்தது கட்டைவிரல் மட்டுமே. ‘கிடைத்தது, பிறகு எழுதுகிறேன்’ என்ற பொருளில் அழுத்தினேன். (பிறகு எழுதவில்லை.)

ஞாயிறு காலை அக்கா போன் செய்தாள்.

“டேய், நீ தண்ணி அடிப்பியா?”

“இல்லையே.”

“சிகரெட்?”

“என்னக்கா, காலங்காத்தால!”

“அப்புறம் எதுக்குடா ரெண்டுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டின? பொண்ணு வீட்ல யோசிக்கணும்கிறாங்க.”

அப்போதுதான் செய்தியைக் கொஞ்சம் கூடுதலாகப் படித்தேன். குடிப்பழக்கம் உண்டா? சிகரெட்? வேலையை விடச் சொல்வீர்களா? அம்மாவின் கட்டாயத்தில் வந்தீர்களா? எல்லாவற்றுக்கும் உற்சாகமாக ஆம் சொல்லியிருந்தேன். தனிக்குடித்தனமா, கூட்டுக்குடும்பமா என்பதற்கும் கட்டைவிரல்தான்.

பதறிப்போய் உடனே எழுதினேன்: ‘ஸாரி. எல்லாத்துக்கும் நோ.’

செய்தியின் கடைசி வரியை அதன் பிறகுதான் பார்த்தேன்: ‘என்னைப் பிடித்திருக்கிறதா?’

அன்று மாலையே அக்கா என்னைச் சேலையூருக்கு இழுத்துப்போனாள். மஞ்சுளாவின் அம்மா காபி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை.

“ஒரு வரி எழுதக் கூடாதா தம்பி?”

அவர் கணவர் தன் போனை எடுத்து நீட்டினார். மனைவியின் பத்தி பத்தியான செய்திகள். ஒவ்வொன்றின் கீழும் கட்டைவிரல்.

“நானும் இதைத்தான் போடுறேன். நான் என்ன குடிகாரனா?”

“அதனாலதான் சொல்றேன். இந்த வூட்டுக்கு ஒருத்தர் போதும்.”

மஞ்சுளா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மத்ததெல்லாம் போகட்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்ப வாயால பதில் சொல்லுங்க.”

“பிடிச்சிருக்கு” என்றேன். அப்போது என் வலது கட்டைவிரல் உயர்ந்திருந்ததாக அங்கிருந்த எல்லோரும் சொல்கிறார்கள்.

கல்யாண ஆல்பத்தில் இரு வீட்டாரும் கட்டைவிரலைத் தூக்கியபடிதான் நிற்கிறார்கள். மஞ்சுளா கோபமாக இருக்கும் நாட்களில் நான் எத்தனை பத்தி எழுதினாலும் ஒரு கட்டைவிரல்தான் பதிலாக வரும்.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. அந்தக் கேள்விகளை எனக்கு அனுப்பும் முன், ‘இப்படிக் கேட்கலாமா அப்பா?’ என்று மஞ்சுளா தன் அப்பாவுக்குத்தான் அனுப்பியிருக்கிறார். அவரும் கட்டைவிரல் போட்டிருக்கிறார். முழுவதும் படித்துவிட்டுத்தான் போட்டதாக மாமனார் சொல்கிறார். இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.