என் கட்டைவிரலுக்கு மட்டும்

இனிமேல் உயிரே போனாலும் எலுமிச்சம்பழம் பிழிவதில்லை என்று ஒரு நாள் முடிவெடுத்தேன். சாதாரண முடிவு இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, மீசையைத் தடவிக்கொண்டு எடுத்த முடிவு.

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். நான் ஒரு கலைஞன். பெயர் வேணு, ஆனால் புல்லாங்குழலுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாக்ஸபோன் வாசிக்கிறேன். திருவண்ணாமலையில் பெரிய வீட்டு ரிசப்ஷன் என்றால் அருள்ராஜ் பார்ட்டிதான் வாசிக்கும். அதில் பளபளவென்று கோட்டுப் போட்டு முன்னால் நிற்பவன் நான்தான். மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் படம் எடுத்தவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவனைப் பௌர்ணமி வந்தால் என் மனைவி ஆதிலட்சுமி எலுமிச்சம்பழ மூட்டைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவாள்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை மேலேயே இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் அவள் சர்பத் கடை போடுவாள். கடை அவளுடையது. பேரும் அவளுக்குத்தான். “அக்கா, ஒரு லெமன்!” என்றுதான் கும்பல் கத்தும். பிழிவது மட்டும் நான், கைப்பிடியைக் கட்டைவிரலால் அழுத்துகிற கை மெஷினில். மதியம் உட்கார்ந்தால் நிலா மலைக்கு மேலே ஏறும்வரை பிழிய வேண்டும். உலகமே மலையைச் சுற்றிப் புண்ணியம் சேர்க்கும். நான் ஒரே இடத்தில் உட்கார்ந்து எலுமிச்சங்கொட்டை சேர்ப்பேன். இதைக் கேட்க நாதி இல்லை.

கடைசியில் என்னைக் காப்பாற்ற வந்தது என் கட்டைவிரல்.

சாக்ஸபோனைப் பார்த்திருப்பீர்கள். அதன் முதுகைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே ஒரு சின்னக் கொக்கி இருக்கும். ‘தம் ரெஸ்ட்’ என்பார்கள். வலது கட்டைவிரலை அதற்கு அடியில் கொடுத்துத்தான் வாத்தியத்தை ஆடாமல் பிடிக்க வேண்டும். ரெஸ்ட் என்று பெயர் வைத்த ஆள் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். ரெஸ்ட் எல்லாம் கொக்கிக்குத்தான். விரலுக்கு ஏது? வாசிக்க வாசிக்க அது அழுத்தி, தோல் காய்த்துப்போய், ராத்திரி சாப்பாட்டில் குழம்பைப் பிசைந்தால்கூட வலிக்கும்.

இத்தனைக்கும் அந்தக் கொக்கிக்கு நான் செய்த பணிவிடை கொஞ்சமா? வியர்வையில் களிம்பு பிடிக்காமல் துடைப்பேன். திருகுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவேன். திருகைத் தளர்த்திக் கொக்கியை மேலே தள்ளுவேன், மணிக்கட்டு வலிக்கும். கீழே இறக்குவேன், சுண்டுவிரல் தடுமாறும். ஒரு தடவை ரப்பர் குழாயை வெட்டி மாட்டினேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறும் சமயம் பார்த்து அது கழன்று, பெண்ணுடைய பெரியப்பாவின் ஐஸ்கிரீம் கிண்ணத்தில் போய் விழுந்தது. அவர் அதைத் திராட்சை என்று நினைத்துக் கொஞ்ச நேரம் மென்றார்.

ஆக, வலி நிஜம். அதைக் கொஞ்சம் ஜாஸ்தியாக்கியது மட்டும்தான் நான்.

பௌர்ணமிக்கு முதல் நாள் விரலுக்கு மஞ்சள் பத்துப் போட்டு, வெள்ளைத் துணி சுற்றி, கையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் முன்னால் போய் நின்றேன்.

“இன்னாங்க ஆச்சு?”

“கட்டைவிரல் போயிடுச்சி லட்சுமி.”

“எங்க போச்சு? அங்கதானே இருக்குது?”

“விளையாடாத. கொக்கி அழுத்தி அழுத்தி உள்ள நரம்பே செத்துப்போச்சு. ஒரு பாக்கைக்கூட நசுக்க முடியாது.”

“எலுமிச்சம்பழம்?”

“பேரைக் கேட்டாலே வலிக்குது.”

அவள் துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் தம்பி குமரேசனுக்குப் போன் போட்டாள்.

அந்தப் பௌர்ணமிக்கு மச்சான் பிழிந்தான். நான் வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட விரலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, போகிற வருகிற ஜனங்களைப் பார்த்தேன். ஒரு கிளாஸ் சர்பத் வாங்கிக் குடித்துவிட்டு, “இனிப்பு கம்மி” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு மனுஷன் அபிப்பிராயம் சொல்லக்கூடாதா?

மறுநாள் காலை ஆதிலட்சுமி போனில் பேசுவது காதில் விழுந்தது.

“ஆமாங்கண்ணா. விரல் சுத்தமா போயிடுச்சி. பாக்கே நசுக்க முடியாதுன்றாரு. வேங்கிக்கால் ரிசப்ஷனுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க. ஆமாங்க, பாவம்தான்.”

அந்தப் பக்கம் இருந்தது எங்கள் அருள்ராஜ். வேங்கிக்கால் ரிசப்ஷன் என்பது ரியல் எஸ்டேட் ராஜேந்திரன் வீட்டுக் கல்யாணம். வாசலிலிருந்து மேடைவரை பெண் நடந்து வர, நான் ஒருவனே வாசிக்க வேண்டிய நிகழ்ச்சி. பேனரில் என் படம் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வாழ்நாளில் ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் என் படம் வந்ததில்லை.

“யாரைக் கேட்டுச் சொன்ன?”

“உங்க விரலைக் கேட்டுத்தான்.”

“பிழியறது வேற, வாசிக்கிறது வேற!”

“ரெண்டுக்கும் ஒரே விரல்தானே?”

“இது கலைடி!”

“அது கலைன்னு வலிக்குத் தெரியுமா இன்னா?”

விரல் நன்றாக இருக்கிறது என்றால் எலுமிச்சம்பழம். நன்றாக இல்லை என்றால் பேனர் போச்சு. இப்படி ஒரு மனுஷனை நடுரோட்டில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

அவளே இரக்கப்பட்டாள். “வாசிக்கணும்னு ஆசைப்பட்டா ஒரு வழி இருக்குதுங்க. டவுன்ல கவுஸ் பாஷா பாய் லேத்துக்குப் போலாம். கொக்கியையே உங்க விரலுக்கு ஏத்தாப்புல பண்ணித் தருவாரு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவியா என்று நினைத்தேன்.

கவுஸ் பாஷா எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம். சாக்ஸபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான மெழுகு உருண்டை ஒன்றை நீட்டினார்.

“விரலை இதுல அழுத்துங்கண்ணா. ஆடாதீங்க. தாலி கட்டறப்ப நின்னீங்களே, அப்படி நில்லுங்க.”

“அப்பவும் ஆடினாருங்க பாய்,” என்றாள் ஆதிலட்சுமி.

அந்த அச்சைப் பார்த்துப் பித்தளையில் வளைத்து, உள்ளே மெல்லிசாகக் கார்க் ஒட்டி, பழைய கொக்கியைக் கழற்றிய இடத்தில் புதுசைத் திருகினார். விரலை நுழைத்தேன். அப்பாடா! என் கட்டைவிரல் பிறந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்த இடம் அதுதான். பாஷா தன் விரலை விட்டுப் பார்த்தார், பாதியிலேயே நின்றுவிட்டது.

“உங்களுக்கு மட்டும்தாண்ணா இது. வேற யாருக்கும் செட் ஆவாது.”

நான் அந்தப் பெருமையில் இருந்தபோது ஆதிலட்சுமி கேட்டாள். “பாய், அந்த மெழுகு அச்சைத் தூக்கிப் போட்டுடாதீங்க.”

“எதுக்குக்கா?”

“ஒருவேளை இது தொலைஞ்சிட்டா?”

என்ன முன்யோசனை பாருங்கள் என்று நான் பூரித்துப்போய் வண்டியைக் கிளப்பப் போனேன். அவள் மட்டும் கொஞ்ச நேரம் பாயோடு பேசிவிட்டு வந்தாள்.

அருள்ராஜ் முன்னால் மூச்சு விடாமல் வாசித்துக் காட்டி என் இடத்தைத் திரும்ப வாங்கினேன். வேங்கிக்கால் ரிசப்ஷனில் பேனரில் என் படம் இருந்தது. கேட்டரிங்காரர் படத்துக்குக் கீழே, சின்னதாகத்தான். பரவாயில்லை. பெண் நடந்து வந்தாள், நான் வாசித்தேன், மண்டபமே திரும்பிப் பார்த்தது. ராஜேந்திரன் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார். மைக் கொடுத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

“எல்லாரும் இந்த விரல் தாங்கியைப் பாருங்க! என் கட்டைவிரலுக்குன்னே அளவெடுத்துப் பண்ணது. உலகத்துல வேற எவன் விரலுக்கும் பொருந்தாது. இனிமே விடிய விடிய வாசிச்சாலும் எனக்கு வலி கிடையாது!”

கைத்தட்டல். முன்வரிசையில் குமரேசன் அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆதிலட்சுமி எல்லோரையும்விட ஜாஸ்தியாகக் கைத்தட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் பின்னாலிருந்து கேட்டாள். “விரல் எப்படிங்க இருக்குது?”

“புஷ்பம்!”

“அப்ப வர்ற பௌர்ணமிக்கு…”

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஒரு வாரமாகக் குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம்.

“நிறுத்து. எனக்கு ஏன் வலிக்கல? தாங்கி இருக்குது. தாங்கி எதுல இருக்குது? சாக்ஸபோன்ல. எலுமிச்சம்பழத்துல தாங்கி இருக்குதா?”

“இல்லீங்க.”

“பிழியற மெஷின்ல?”

“இல்லீங்க.”

“அப்ப வலிக்குமா, வலிக்காதா?”

“வலிக்கும்ங்க. நீங்க சொல்றது நியாயம்தான்.”

நியாயம்தான்! கல்யாணமானதிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை. அப்போதே வண்டியை ஓரங்கட்டி யோசித்திருக்க வேண்டும். நான் சும்மா கிடந்த ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனேன்.

பௌர்ணமி வந்தது. இஸ்திரி போட்ட சட்டை, தோளில் சாக்ஸபோன் பை. ரமணாசிரமம் பக்கத்துக் காபிக் கடையில் ஒரு வெள்ளைக்காரர் என் வாசிப்பைக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். குமரேசன் வந்துவிட்டான், மூட்டையும் வந்துவிட்டது. எனக்கு என்ன கவலை? செருப்பை மாட்டும்போது கவுஸ் பாஷாவின் மொபெட் வாசலில் வந்து நின்றது. பேப்பரில் சுற்றிய ஒரு பொருளை ஆதிலட்சுமியிடம் கொடுத்தார். அவள் பிரித்தாள்.

எங்கள் எலுமிச்சம்பழம் பிழியும் மெஷின். அதன் கைப்பிடி மேலே பித்தளைத் தாங்கி. அதே வளைவு. உள்ளே அதே கார்க்.

“இன்னா பாய் இது?” என்றேன்.

“அக்கா அன்னிக்கே சொல்லிட்டாங்கண்ணா. அச்சு இருக்கறப்பவே மெஷினுக்கும் ஒண்ணு போட்டுடுங்கன்னு.”

அன்றைக்கே! நான் ஒத்திகை பார்ப்பதற்கு முன்பே! இதுவா குடும்பம் நடத்துகிற லட்சணம்?

ஆனாலும் நான் விடவில்லை. “குமரேசா, இங்க வா. புது மெஷின். நீதான் ஆரம்பிச்சு வைக்கணும்.”

அவன் உட்கார்ந்து விரலை விட்டான். போகவில்லை.

“அழுத்து!”

“போகல மாமா.”

“எண்ணெய் தடவு!”

“ஐயோ மாமா, அமுக்காதீங்க, ஒடஞ்சிடும்! நீங்கதானே மைக்குல சொன்னீங்க, உலகத்துல வேற எவன் விரலுக்கும் பொருந்தாதுன்னு? ஸ்டேட்டஸ்ல வேற வச்சிருக்கேன். ஊரே பாத்துடுச்சி.”

“அந்தத் தாங்கியைக் கழட்டிடு!”

“திருகு வைக்கலண்ணா, பத்த வச்சிட்டேன். அக்காதான் கழலாம இருக்கணும்னாங்க,” என்றார் பாஷா.

ஆதிலட்சுமி என் தோளிலிருந்த பையைப் பதமாகக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பழக்கூடையை என் பக்கம் நகர்த்தினாள். குமரேசன் என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் பிழிந்த முதல் கிளாஸை வாங்கிக் குடித்தான்.

“அக்கா, இனிப்பு கம்மி.”

மலைக்கு மேலே நிலா ஏறும்வரை பிழிந்தேன். கட்டைவிரல் துளிக்கூட வலிக்கவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.