சாக மறுத்த வண்டுகள்

பதினோரு நாள்களாகியும் வண்டுகள் சாகவில்லை.

எத்தியோப்பியாவின் ஜிம்மா நகரில், பழைய ஆய்வுக்கூடத்தில் லெலிசே கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். காபிக்கொட்டையைத் துளைக்கும் வண்டுகள். கொட்டையில் உள்ள கஃபீன் பூச்சிகளுக்கு விஷம், செடியின் தற்காப்பு. இந்த வண்டை மட்டும் அது ஒன்றும் செய்யாது. அதன் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் விஷத்தைத் தின்றுவிடுகின்றன என்பது ஆய்வை நடத்தும் டாக்டர் ஃபிகாடுவின் நம்பிக்கை. மருந்து கொடுத்துப் பாக்டீரியாக்களைக் கொன்றால், காபித்தூள் கலந்த தீனியைத் தின்னும் வண்டு செத்தாக வேண்டும்.

இவை முட்டையிட்டிருந்தன.

"வெள்ளிக்கிழமை அடிஸ் அபாபாலேர்ந்து ஆளுங்க வர்றாங்க," என்றார் டாக்டர். "வண்டு சாகலேன்னா ஆய்வை மூடிடுவாங்க. நீ ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்."

லெலிசே மருந்தை இரட்டிப்பாக்கினாள். வண்டுகள் கொழுத்தன.

தீனியில் தூள் போதவில்லையோ? கொட்டையை வறுத்து இடித்துத் தரும் அஸ்கலேயிடம் போனாள்.

"அக்கா, நாளையிலேர்ந்து மூணு பங்கு குடுங்க."

"மூணு பங்கா? வண்டுக்கா?" அஸ்கலே நெஞ்சில் கைவைத்தாள். "என் மாப்பிள்ளைக்கே அவ்வளவு போட்டதில்லடி."

தூள் வந்தது. தீனி கறுத்தது. வண்டுகளுக்கு இரண்டாவது பெட்டி தேவைப்பட்டது.

அந்த நாள்களில் மூன்று மணியானால் எல்லா வேலையும் நின்றுவிடும். காபி குடிக்க, ஊர் வழக்கப்படி அஸ்கலே தரையில் பச்சைப் புல் பரப்புவாள். ஒரே தூளை மூன்று முறை கொதிக்கவைத்து, ஆளுக்கு மூன்று கிண்ணம் ஊற்றுவாள். மழை பெய்யும், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆண்டுகள் பல கழிந்து, லெலிசே இப்போது வேறு ஊரில் இயந்திரத்தில் காபி பிடிக்கிறாள். புல் வாசனை இல்லாமல் அது காபியாகத் தோன்றுவதில்லை.

"இந்த வாரம் காபி ஜோர், அஸ்கலே," என்று உறிஞ்சினார் டாக்டர்.

"எல்லாம் கை ராசிங்க."

வியாழனன்று லெலிசே கடைசி முயற்சியாகக் காட்டுக்காபி வரவழைத்தாள். அதைவிடக் கடுமையானது கிடையாது. மறுநாள் முட்டையிலிருந்து வந்த புழுக்களும் உற்சாகமாக நெளிந்தன.

அடிஸ் அபாபா விருந்தினர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு புல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

லெலிசேவுக்கு அழுகை வந்துவிட்டது. "இவ்வளவு காபி தின்னா யானையே படுத்துடும்! இதுங்க எப்படி அக்கா உசுரோட இருக்கு?"

அஸ்கலே பதறிப்போய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அழாதடி கண்ணு. நல்ல தூளைப் பூச்சிக்குப் போட எனக்கு மனசே வரல. நாம மூணு கொதி குடிச்சு மிஞ்சின மண்டியத்தான் காயவெச்சுக் குடுத்தேன்."